எட்டு வயதில் கோணல் கடி: எதற்குக் கம்பி, எதற்குக் காத்திருப்பு?

எட்டு வயது ஒரு மாதம் ஆன சிறுவன். கீழ் முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே சந்து விழுந்திருக்கிறது. இவைதான் பெற்றோர் சொன்ன குறைகள். "இப்பவே கிளிப் போட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்ல டாக்டர்?" என்று அம்மா கேட்டார். அந்த இரண்டு குறைகளுக்கும் அப்போது எந்தச் சிகிச்சையும் தரவில்லை. ஆனாலும் கம்பி போட வேண்டியிருந்தது, வேறு இரண்டு கோளாறுகளுக்காக. அவற்றில் ஒன்று பெற்றோர் கண்ணில் படவே இல்லை. மற்றொன்று பட்டிருந்தது; வளர வளரச் சரியாகிவிடும் என்று விட்டிருந்தார்கள்.

இது ஒரே குழந்தையின் கோப்பு அல்ல. இந்த வயதில் அடிக்கடி பார்க்கும் ஒரு பல்நிலையை, அதன் வழக்கமான அளவுகளோடும் காலக்கணக்கோடும் ஒரு நோயாளியின் வரலாறாகக் கோத்து எழுதியிருக்கிறோம்.

அமெரிக்க ஆர்த்தோடான்டிக் சங்கம் முதல் பரிசோதனையை ஏழு வயதுக்குள் செய்துவிடச் சொல்கிறது. ஆறு, ஏழு வயதில் நிரந்தரக் கடைவாய்ப்பற்கள் நான்கும் முளைத்துவிடும், முன்பற்கள் விழுந்து முளைக்கத் தொடங்கியிருக்கும். பின்னால் கடி எப்படிப் பொருந்துகிறது, முன்னால் இடம் போதுமா என்ற இரண்டையும் ஒரே பார்வையில் சொல்லிவிடலாம். அதற்கு முன் வெறும் பால்பற்கள்தான் இருக்கும். இந்தச் சிறுவன் ஓராண்டு தாமதமாக வந்தான். இந்த நிலைக்கு அந்தத் தாமதம் பெரிதாகக் கெடுக்கவில்லை.

முதல் நாள் பரிசோதனை

நாற்காலியைச் சாய்க்காமல் நிமிர்ந்து உட்காரவைத்து முகத்தைப் பார்த்தோம். வாயைத் தளர்த்தி வைத்திருக்கும்போது மோவாய் நடுவில் இருந்தது. பற்களை இறுக்கிக் கடித்ததும் வலப்பக்கம் ஒதுங்கியது. புகைப்படத்துக்குச் சிரிக்கும்போது இது தெரியாது. சாப்பிடும்போதும் யாரும் கவனிப்பதில்லை.

தாடை உண்மையில் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. "வாயை நல்லாத் திற கண்ணா. நாக்கு நுனியை மேலண்ணத்துல எவ்வளவு பின்னாடி முடியுமோ அங்க வை. எடுக்காம மெதுவா மூடு. எந்தப் பல்லு முதல்ல படுதோ அங்கயே நிறுத்து." நாக்கு பின்னால் இருக்கும்போது தாடையை முன்னாலோ பக்கத்திலோ தள்ளிக் கடிப்பது கடினம். இரண்டு மூன்று முறை செய்ததும் ஒரே இடத்தில் வந்து நின்றது. வலப்பக்கத்து மேல், கீழ் பால் கோரைப்பற்கள் முனையோடு முனை மோதின. அந்த நிலையில் மேல், கீழ் நடுக்கோடுகள் நேருக்கு நேர் இருந்தன. "இப்ப நல்லாக் கடி" என்றதும் தாடை 2.5 மி.மீ. வலப்பக்கம் வழுக்கிப் போய் உட்கார்ந்தது.

வழுக்கிய பிறகு பார்த்தால், வலப்பக்கத்தில் பால் கோரைப்பல்லிலிருந்து நிரந்தரக் கடைவாய்ப்பல் வரை நான்கு மேற்பற்களும் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய்விட்டன. இடப்பக்கம் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றியது. இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். வலப்பக்கக் கிராஸ்பைட் (மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே கடிப்பது) என்று எழுதிவைத்து வலப்பக்கத்தை மட்டும் விரிக்கப் போவார்கள். வழுக்குவதற்கு முந்தைய நிலையில் பார்த்தால் இரண்டு பக்கமும் பற்கள் முனைக்கு முனை மோதுகின்றன. அதாவது மேல்தாடை இரு பக்கமும் சம அளவில் குறுகல். டப்பாவைவிடச் சிறிய மூடி ஒரு பக்கமாகத் தள்ளித்தானே உட்காரும். அப்படித்தான் இந்தத் தாடையும் மெல்ல வசதியான ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

அடுத்தது மேல் வலது நடு வெட்டுப்பல், பல் மருத்துவர்கள் பற்களுக்கு எண்ணிடும் முறையில் 11. அது கீழ்ப்பல்லுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. அதன் எதிர்ப்பல்லான 41-இல் ஈறு, பக்கத்துப் பல் 31-ஐவிட 1.5 மி.மீ. கீழே இறங்கியிருந்தது. 41-இன் மேல் விரல் நுனியை வைத்துக்கொண்டு சிறுவனைக் கடிக்கச் சொன்னால், ஒவ்வொரு கடிக்கும் பல் முன்னால் உதைபடுவதை விரலில் உணர முடிந்தது. ஈறு இறங்கியதற்கு அழுக்கோ தேய்ப்பு முறையோ காரணமில்லை, அந்த உதைதான். இங்கே எலும்பு மெல்லிசு. உதை நீடித்தால் ஈறு மேலும் இறங்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். கீழ் முன்பற்கள் நான்கின் அகலத்தைத் தனித்தனியாக டிவைடரால் அளந்து கூட்டி, கோரைப்பல்லிலிருந்து கோரைப்பல் வரை உள்ள இடத்தோடு ஒப்பிட்டால் 3 மி.மீ. பற்றாக்குறை. மேலே நடுச்சந்து 2 மி.மீ. வலது கடைவாய்ப்பற்களில் கீழ்ப்பல் அரைப் பல்முனை அளவு பின்தங்கியிருந்தது, இடப்பக்கத்தில் இயல்பு. தாடை வலப்பக்கம் ஒதுங்கினால் வலக் கீழ்ப்பல் பின்னால் போவது எதிர்பார்க்கக்கூடியதே. எனவே அதைத் தனி நோயாகக் கணக்கில் எடுக்கவில்லை. விரல் சூப்பும் பழக்கம் ஐந்து வயது வரை இருந்து, தானாக நின்றுவிட்டதாக அம்மா சொன்னார். விரல் வாயில் இருக்கும்போது நாக்கு கீழே தாழ்ந்துவிடும், கன்னம் உள்ளிழுக்கும். மேல்தாடையை உள்ளிருந்து தாங்க எதுவும் இராது. குறுகலுக்கு அது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். உதடுகளை மூடி மூக்கால் தாராளமாக மூச்சுவிட முடிந்தது, மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதை வீங்கியிருக்கும் என்ற சந்தேகம் எழவில்லை.

எல்லாப் பற்களும் தாடைகளும் ஒரே படத்தில் தெரியும் ஓபிஜி எக்ஸ்ரே ஒன்று எடுத்தோம். நிரந்தரப் பற்களின் மொட்டுகள் எல்லாம் இருந்தன, கூடுதல் பல் எதுவும் இல்லை. மேல் கோரைப்பல் மொட்டுகள் இரண்டும் பக்க வெட்டுப்பற்களின் வேருக்கு மேல், வேரை ஒட்டி நின்றன. இந்த வயதுக்கு அது இயல்பு. ஆனால் சிகிச்சைத் திட்டத்தை ஓரிடத்தில் அது மாற்றியது. முகத்தின் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்கவில்லை. முகவாட்டம் நேராக இருந்தது. பின்னால் மாட்டியிருந்தது ஒரே பல். அந்தப் படம் என்ன சொன்னாலும் செய்யப்போகும் சிகிச்சை மாறாது என்றால் கதிர்வீச்சு எதற்கு?

எதைச் செய்வது, எதை விடுவது

செய்ய வேண்டியவை இரண்டு: மேல்தாடையை விரித்துத் தாடை வழுக்குவதை நிறுத்துவது, 11-ஐ முன்னால் கொண்டுவருவது. தாடை ஒவ்வொரு கடிக்கும் ஒரு பக்கம் ஒதுங்கினால் இரு பக்கத் தசைகளும் மூட்டுகளும் வேறுவேறு விதமாக வேலை செய்கின்றன. வளரும் வயதில் அது நீடித்தால் அந்தச் சாய்வு எலும்பிலேயே படிந்துவிடும் வாய்ப்பு உண்டு. இப்போது கடி சாய்ந்திருக்கிறதே தவிர தாடை சாயவில்லை. தவிர, எட்டு வயதில் அண்ணத்தின் நடுத்தையல் இன்னும் இறுகவில்லை, குறைந்த விசைக்கே இடம் கொடுக்கும். பதின்பருவத்தின் பிற்பகுதியில் இதே வேலைக்கு அதிக விசை வேண்டும். பெரியவர்களுக்குச் சில சமயம் எலும்பில் ஊன்றிய திருகோ அறுவையோ தேவைப்படும்.

பால் கோரைப்பற்களின் முனையைச் சற்றே தேய்த்துவிட்டால் போதாதா என்ற கேள்வி நியாயமானது. அந்த முனை மட்டும் இடறி, மேல்தாடை அகலம் சரியாக இருக்கும் சின்னக் குழந்தைகளுக்கு அது போதும். ஐந்து நிமிட வேலை. இங்கே கடைவாய்ப்பற்களும் முனைக்கு முனை மோதுவதால், கோரைப்பல்லைத் தேய்த்தாலும் தாடைக்கு உட்கார இடம் கிடைக்காது.

விட்டவை இரண்டு. மேல் நடுச்சந்து இந்த வயதில் நோயே அல்ல. இறங்கிவரும் கோரைப்பற்கள் பக்க வெட்டுப்பற்களின் வேரை அழுத்துவதால் பல்முனைகள் விசிறிபோல் விரிந்து நிற்கும். 11, 12 வயதில் கோரைப்பல் இறங்கியதும் 2 மி.மீ. வரையுள்ள சந்து பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். இப்போது ரப்பர் வளையம் மாட்டி மூடுவது ஆபத்து. வளையம் ஈறுக்குள் வழுக்கி வேரைச் சுற்றி மேலேறினால் நல்ல பல்லே ஆடி விழுந்துவிடும். மேலுதட்டை ஈறோடு இணைக்கும் தசைநாரை வெட்டச் சொன்னாலும், கோரைப்பல் வந்து சந்து மூடுகிறதா என்று பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கீழ் நெருக்கத்துக்குக் கொஞ்சம் கணக்குத் தேவை. கீழ் இரண்டாம் பால் கடைவாய்ப்பல் ஏறத்தாழ 10 மி.மீ. அகலம். அது விழுந்த இடத்தில் வரும் இரண்டாம் முன்கடைவாய்ப்பல் 7 மி.மீ.க்குச் சற்றே மேல். பக்கத்துக்கு 2 மி.மீ.க்கு மேல் மிஞ்சும். வழக்கமாக இந்த மிச்சத்தை நிரந்தரக் கடைவாய்ப்பல் முன்னால் நகர்ந்து விழுங்கிவிடும். நகரவிடாமல் பிடித்துவைத்தால் இரு பக்கமும் சேர்த்து 4 மி.மீ. வரை முன்பற்களுக்குக் கிடைக்கும். தேவை 3 மி.மீ. ஆக, இங்கே கம்பியும் வேண்டாம், பல் பிடுங்கவும் வேண்டாம். அந்தப் பால் கடைவாய்ப்பற்கள் சொத்தையாகி முன்கூட்டியே விழாமல் பார்த்துக்கொள்வதும், விழும் வேளையில் இடத்தைப் பிடித்துவைப்பதும்தான் வேலை. அதற்கு இன்னும் இரண்டரை ஆண்டுகள் இருந்தன. கீழ்ப் பால் கோரைப்பற்களைப் பிடுங்கினால் முன்பற்கள் உடனே நேராகிவிடும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அவை பின்னால் சாய்ந்து வரிசையின் நீளம் குறையும். பின்னால் வரும் நிரந்தரக் கோரைப்பல்லுக்கு இடமில்லாமல் போகும்.

முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிட்ட இன்னொன்று: இந்தச் சிகிச்சை ஏழெட்டு மாதத்தில் முடியும், அதோடு எல்லாப் பற்களும் வரிசையாகிவிடாது. 12 வயதில் முழுக் கம்பி தேவைப்படலாம், படாமலும் போகலாம். இதைச் சொல்லாமல் தொடங்கினால், இரண்டாம் கட்டம் வரும்போது முதல் கட்டம் வீணாகிவிட்டதாகவே பெற்றோருக்குத் தோன்றும்.

விரிக்கும் கருவி

கழற்றி மாட்டும் தட்டு, திருகு வைத்த நிலையான கருவி, நான்கு சுருள் வைத்த நிலையான கம்பியான க்வாட் ஹெலிக்ஸ் என்று மூன்று வழிகள் இருந்தன. தட்டு மலிவு, சுத்தம் செய்வது எளிது. ஆனால் வாயில் இருக்கும் நேரத்துக்குத்தான் வேலை செய்யும். எட்டு வயதுக் குழந்தை அதைப் பையில் வைத்து மறந்துவிடும். ஒப்பீட்டு ஆய்வுகளிலும் தட்டைவிட க்வாட் ஹெலிக்ஸ் கிராஸ்பைட்டைச் சரிசெய்வதில் முன்னே நிற்கிறது. திருகு வைத்தது வலிமையானது. ஒரு கால் சுற்றுக்கு 0.25 மி.மீ. விரியும். வீட்டில் பெற்றோர் சாவியால் திருக வேண்டும். குறுகல் மிக அதிகமாக இருந்தால் அதுவே பொருத்தம். பக்கத்துக்கு ஒரு பல்முனை அளவே குறை என்பதால் இங்கே க்வாட் ஹெலிக்ஸ் போதும் என்று முடிவு செய்தோம்.

முதல் வருகையில் மேல் நிரந்தரக் கடைவாய்ப்பற்கள் 16, 26-இன் முன்பக்கத்தில் மட்டும் ரப்பர் செப்பரேட்டர் வைத்தோம். பின்பக்கத்தில் இன்னும் பல் முளைக்காததால் அங்கே தேவையில்லை. ஒரு வாரத்தில் பேண்ட் (பல்லைச் சுற்றி மாட்டும் உலோக வளையம்) நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. பேண்ட்களைப் பொருத்தி, அவற்றோடு சேர்த்து அச்சு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கருவி 0.9 மி.மீ. ஸ்டீல் கம்பி, முன்னால் இரண்டு சுருள், பின்னால் இரண்டு சுருள். பக்கக் கைகள் பால் கோரைப்பல் வரை நீண்டு பால் கடைவாய்ப்பற்களின் உட்பக்கத்தைத் தொட வேண்டும், தொடாவிட்டால் கடைவாய்ப்பல் மட்டுமே நகரும். அண்ணத்தைத் தாண்டும் கம்பி சதையிலிருந்து 1 முதல் 1.5 மி.மீ. விலகி நிற்க வேண்டும். பேண்டின் வெளிப்பக்கத்தில் கம்பி நுழையும் சின்ன டியூப் பற்றவைக்கச் சொல்லியிருந்தோம். ஆறு வாரம் கழித்து 11-க்கான கம்பிக்கு அது தேவைப்படும் என்பதால் மறுபடி பேண்ட் போடும் வேலை மிச்சம்.

ஒட்டுவதற்கு முன்பே கருவியை விரித்துக்கொள்வது வசதி. வாய்க்குள் இடுக்கியால் விரிப்பது கடினம், பக்கத்துக்குப் பக்கம் அளவு மாறிவிடும். ஒரு பேண்டைப் பல்லில் மாட்டினால் மற்ற பேண்ட் அடுத்த பக்கப் பல்லுக்கு வெளியே ஏறத்தாழ ஒரு கடைவாய்ப்பல் அகலம், அதாவது 8 மி.மீ. அளவு தள்ளி நிற்க வேண்டும். கிளாஸ் அயனோமர் சிமெண்டால் ஒட்டினோம். பேண்டுக்குள் ஈரம் புகாமல் பஞ்சு வைத்து உலர்த்துவது இந்தக் கட்டத்தில் மிக முக்கியம்.

முதல் மூன்று நாள் எச்சில் அதிகம் சுரக்கும், ச, ஸ ஒலிகள் குழறும், மெல்லும்போது கடைவாய்ப்பற்கள் நோகும். எடைக்கேற்ற பாராசிட்டமால் ஒன்றிரண்டு வேளை போதும். நாக்கின் மேற்பரப்பில் கம்பியின் தடம் பள்ளமாகப் பதிந்திருப்பதைப் பார்த்துப் பெற்றோர் பதறுவது வழக்கம். கருவியை எடுத்த சில வாரங்களில் அது மறைந்துவிடும். அண்ணத்தின் சதைக்குள் கம்பி அழுந்தியிருந்தால் மட்டும் உடனே வர வேண்டும்.

11-ஐ முன்னால் கொண்டுவந்தது

ஆறாவது வாரத்தில் மேல்வரிசையின் இடுக்கு தளர்ந்திருந்தது. 11-ஐ நகர்த்த வேண்டுமானால் அது 41-ஐத் தாண்டிப் போக வழி விட வேண்டும். கடிக்கும்போதெல்லாம் கீழ்ப்பல் அதைப் பின்னால் தள்ளினால் கம்பி என்ன செய்யும்? கீழ் இரண்டாம் பால் கடைவாய்ப்பற்கள் இரண்டின் மேலும் கிளாஸ் அயனோமரை 2 மி.மீ. உயரத்துக்கு மேடாக வைத்தோம். இனி முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது. இரண்டு பக்கமும் ஒரே உயரம் இருக்கிறதா என்று கார்பன் தாள் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று நான்கு நாள் மெல்லத் திணறுவான், பிறகு பழகிவிடும்.

வழக்கமாக இந்த வேலைக்கு மேல் வெட்டுப்பற்கள் நான்கிலும் கம்பியைப் பிடிக்கும் பிராக்கெட் ஒட்டுவார்கள். இங்கே 11, அதன் பக்கத்திலுள்ள மேல் இடது நடு வெட்டுப்பல் 21 ஆகிய இரண்டில் மட்டும் ஒட்டினோம். ஓபிஜியில் கோரைப்பல் மொட்டு பக்க வெட்டுப்பல்லின் வேரை ஒட்டி நின்றது. அந்தப் பல்லைக் கம்பியில் கட்டி நேராக்கினால் வேர்முனை மொட்டின்மேல் மோதிக் கரையக்கூடும். கோணலாக இருப்பதே அதற்கு இப்போது பாதுகாப்பு.

0.014 அங்குல நிக்கல் டைட்டானியம் கம்பியில் தொடங்கினோம். 21-இலிருந்து கடைவாய் வரை நீண்ட வெற்றுத் தூரம் இருப்பதால், கம்பி கன்னத்தில் உராயாமல் மெல்லிய குழாய்ச் சட்டை போர்த்தினோம். நான்கு வாரத்தில் 0.016 ஸ்டீல் கம்பிக்கு மாறி, கடைவாய் டியூபுக்கு முன்னால் இரு பக்கமும் தடுப்பு வைத்தோம். தடுப்பு இல்லாவிட்டால் கம்பி பின்னால் வழுக்கும். 11 முன்னால் வருவதற்குப் பதில் 21 பின்னால் போய் இரண்டும் நடுவில் சந்திக்கும். 14-ஆவது வாரத்தில் 11, 41-ஐத் தாண்டி முன்னால் வந்தது. கடியில் மேல்பல் கீழ்ப்பல்லைக் குறைந்தது 2 மி.மீ. மூடுகிறதா என்று உறுதிசெய்துகொண்டே கீழ் மேடுகளைச் சீவி எடுத்தோம். போதிய மூடல் இருந்தால் கீழ்ப்பல்லே அதை மறுபடி உள்ளே போகவிடாது, பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்கத் தனியாக ரிடெய்னர் வேண்டியதில்லை. 20-ஆவது வாரத்தில் பிராக்கெட்டைக் கழற்றினோம்.

இடையில் வந்த சிக்கல்கள்

ஒன்பதாவது வாரத்தில் 26-இன் பேண்ட் கழன்றிருந்தது. வலியில்லை, கருவி ஆடவும் இல்லை, ஏனென்றால் கம்பி விசை அதை இறுக்கிப் பிடித்திருந்தது. பரிசோதனையில் பேண்டின் விளிம்பை விரலால் அழுத்தியதும் ஓரத்தில் எச்சில் குமிழ் வந்தது, அதுதான் அடையாளம். வீட்டில் கவனிக்கக்கூடியவை, ஒரு பக்கம் மட்டும் வாடை, குளிர்ந்த தண்ணீருக்குக் கூச்சம். கழன்ற பேண்டுக்குள் உணவும் எச்சிலும் தேங்கினால் சில வாரங்களிலேயே பல் வெள்ளையடித்துச் சொத்தை தொடங்கும். அன்றே கழற்றி, சுத்தம் செய்து, ஃபுளூரைடு வார்னிஷ் தடவி மறுபடி ஒட்டினோம். ஒட்டி இழுக்கும் இனிப்பும் பனிக்கட்டி கடிப்பதும் முக்கியக் காரணங்கள். இவனுக்கு மெல்லும் கம் பழக்கம்.

பேண்ட் ஒரு பக்கம் தளர்ந்திருந்த நாட்களில் விரிவு சமமாக நடக்கவில்லை, இடப்பக்கம் பின்தங்கியது. 12-ஆவது வாரத்தில் கருவியை எடுத்து அளந்து, மறுபடி விரித்து ஒட்டினோம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதனை இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். அடைத்துவைத்த விசை கருவி நேராக இல்லாவிட்டாலும் தள்ளிக்கொண்டுதான் இருக்கும்.

18-ஆவது வாரத்தில் மேல் கடைவாய்ப்பற்களின் உள்முனைகள் கீழ்ப்பற்களின் வெளிமுனைகளில் ஏறி நின்றன. வேண்டுமென்றே சற்று அதிகமாக விரிப்பதுதான் வழக்கம், கருவியை எடுத்ததும் கொஞ்சம் திரும்பிவிடும். இதையும் தாண்டி விரித்தால் மேற்பற்கள் முழுக்க வெளியே போய்க் கீழ்ப்பற்களைத் தொடாது, அது வேறொரு கோளாறு. அங்கேயே நிறுத்திக் கருவியை விசையில்லாத நிலையில் மூன்று மாதம் வாயில் விட்டுவைத்தோம். இந்த மூன்று மாதத்தைத்தான் பெற்றோர் எதற்கென்று கேட்பார்கள். விரிந்த தையலில் எலும்பு நிரம்ப அவகாசம் வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் கிராஸ்பைட் பாதியாவது திரும்பும்.

தொடர் கண்காணிப்பு

கருவியை எடுத்தபோது வயது எட்டு ஆண்டு ஒன்பது மாதம். நாக்கைப் பின்னால் வைத்து மூடினாலும், சாதாரணமாகக் கடித்தாலும் தாடை ஒரே இடத்தில் நின்றது, நடுக்கோடுகள் பொருந்தின. வலது கடைவாயின் பின்தங்கலும் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் மறைந்து இடப்பக்கத்தைப் போலானது. 41-இன் ஈறு ஏறி வந்து ஆறு மாதத்தில் பக்கத்துப் பல்லோடு அரை மி.மீ. வித்தியாசம் மட்டுமே இருந்தது. உதை நின்றதும் ஈறு தேறுவது இந்த வயதில் சகஜம். ஈறு ஒட்டு அறுவை பற்றி யாராவது முன்பே பேசியிருந்தால் வீண் செலவாகியிருக்கும்.

அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடப் பார்வை மட்டும். ஒன்பதரை வயதில் மேல் கோரைப்பற்களை விரலால் தேடினோம். பால் கோரைப்பல்லுக்கு மேல், உதட்டுப் பக்க ஈறில் இரு பக்கமும் புடைப்பு தட்டுப்பட்டது. பத்து வயதுக்குப் பிறகும் தட்டுப்படாவிட்டாலோ ஒரு பக்கம் மட்டும் தட்டுப்பட்டாலோ எக்ஸ்ரே அவசியம், கோரைப்பல் அண்ணத்துப் பக்கம் திரும்பியிருக்கலாம். அப்போது பால் கோரைப்பல்லை எடுத்துவிட்டாலே பல சமயம் பாதை திருந்தும். எரிக்சனும் குரோலும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் அண்ணத்துப் பக்கம் போன 46 கோரைப்பற்களில் 78 சதவீதம் இப்படித் திருந்தின. கவனிக்காமல் 14 வயதில் வந்தால் அறுவை செய்து, சங்கிலி மாட்டி, ஓராண்டுக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கும்.

பத்து ஆண்டு பத்து மாதத்தில் கீழ் இரண்டாம் பால் கடைவாய்ப்பற்கள் ஆடத் தொடங்கின. கீழ் நிரந்தரக் கடைவாய்ப்பற்களில் பேண்ட் போட்டு, முன்பற்களின் உட்பக்கத்தைத் தொட்டு நிற்கும் 0.9 மி.மீ. கம்பியை வளைத்து ஒட்டினோம். இது எதையும் தள்ளாது, கடைவாய்ப்பல்லை முன்னால் வராமல் நிறுத்தும். இரண்டாம் முன்கடைவாய்ப்பற்கள் முழுதாக முளைத்த பிறகு 12 வயதில் எடுத்தோம். தேவைக்கு மேல் விட்டுவைத்தால் பின்னால் வரும் இரண்டாம் கடைவாய்ப்பல் தனக்கு முன்னால் உள்ள கடைவாய்ப்பல்லுக்கு அடியில் மாட்டிக்கொள்ளலாம் என்பதால் அந்தப் பக்கத்திலும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். கீழ் நெருக்கம் 3 மி.மீ.யிலிருந்து 1 மி.மீ.க்கும் கீழே வந்தது, கீழ் இடது பக்க வெட்டுப்பல் 32 மட்டும் லேசாகத் திரும்பி நின்றது. மேல் சந்து அரை மி.மீ. முழுக் கம்பி போட மருத்துவக் காரணம் இல்லை. அந்தத் திருப்பம் உறுத்தினால் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னோம். வேண்டாம் என்றார்கள்.

இதே வயதில் வேறு வாய்கள்

எல்லாக் கோளாறுக்கும் ஏழெட்டு வயது உகந்ததல்ல. மேல் முன்பற்கள் துருத்தி நிற்கும் குழந்தைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வட கரோலினா, ஃபுளோரிடா, பிரிட்டன் ஆகிய இடங்களில் நடந்த பெரிய ஒப்பீட்டுச் சோதனைகளில், எட்டு வயதில் ஒரு கட்டமும் 12 வயதில் இன்னொரு கட்டமுமாகச் செய்தவர்களுக்கும், 12 வயதில் ஒரே கட்டமாகச் செய்தவர்களுக்கும் இறுதி விளைவில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. முன்கூட்டிச் செய்தவர்களுக்கு முன்பல் அடிபடுவது குறைந்தது, அவ்வளவே. ஆகவே துருத்தல் 6 மி.மீ.க்கு மேல் இருந்து உதடு மூடாமல், குழந்தை அடிக்கடி விழுகிறது, அல்லது பள்ளியில் கேலி தாங்க முடியவில்லை என்றால் இப்போது செய்யலாம். மற்றவர்கள் காத்திருப்பது நல்லது. நான்காண்டு சிகிச்சையில் குழந்தை சலித்துப்போய், முக்கியமான கட்டத்தில் ஒத்துழைக்காது.

கீழ்த்தாடை முன்னால் தள்ளியிருக்கும் குழந்தைக்கு நேர்மாறு. மேல்தாடை பின்தங்கியதால் வந்த நிலை என்றால் பத்து வயதுக்கு முன் முகத்தில் மாட்டும் இழுகருவி நல்ல பலன் தரும்: பக்கத்துக்கு 350 முதல் 450 கிராம் விசை, ஒரு நாளைக்கு 12 முதல் 14 மணி நேரம். பதின்பருவத்துக்குத் தள்ளிப்போட்டால் அந்த வாய்ப்பு கைநழுவும். குடும்பத்தில் யாருக்காவது பெரிய கீழ்த்தாடை இருந்தால் வளர்ச்சி முடியும் வரை நிலைமை மீண்டும் மாறலாம் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஏழு வயது வரை காத்திருக்கக் கூடாதவையும் உண்டு: கடிக்கும்போது மோவாய் ஒதுங்குவது, நான்கு வயதைத் தாண்டியும் விடாத விரல் சூப்பல், சொத்தையால் முன்கூட்டியே எடுத்த பால் கடைவாய்ப்பல். கடைசியதில் சில மாதங்களிலேயே பின்பல் சாய்ந்து இடம் மூடிவிடும். பேண்டும் வளையமும் கொண்ட சின்ன இடக்காப்புக் கருவி அதைத் தடுக்கும். வலப்பக்கப் பல் முளைத்து ஆறு மாதமாகியும் இடப்பக்க இணைப்பல் தலைகாட்டாவிட்டால் ஓர் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். உள்ளே கூடுதல் பல் வழிமறித்து நிற்கலாம்.

இந்த வயதில் கம்பி போடச் சொன்னால் ஒப்புக்கொள்வதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்கலாம். எந்த ஒரு கோளாறுக்காக இது? எத்தனை மாதத்தில் கழற்றுவீர்கள்? இப்போது செய்யாவிட்டால் எது கெடும், எது 12 வயதில் செய்தாலும் அதே பலனைத் தரும்? இரண்டாம் கட்டம் வந்தால் அதற்குத் தனிக் கட்டணமா? "எல்லாப் பல்லும் வரிசையாகணும்" என்பது மட்டுமே முதல் கேள்விக்குப் பதிலாக வந்தால், வேறொரு நிபுணரிடமும் காட்டிவிட்டு முடிவெடுக்கலாம். ஒன்றிரண்டு மாதம் தள்ளிப்போவதால் நெருக்கம் மோசமாகிவிடாது.